என் பெயரில் ஒரு மிட்டாய் வியாபாரம்

கதிருக்கு,

உன் கல்யாணப் பத்திரிகை நேற்று கூரியரில் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் கையெழுத்துக் கேட்டார், போட்டு வாங்கிக்கொண்டேன். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. யார் கை என்று தெரியவில்லை. தடவியிருக்க வேண்டிய கை என்னுடையது. பெற்ற மகனின் பத்திரிகை கூரியரில் வந்து இறங்கிய வீடு இந்தச் சதுரங்கப்பட்டினத்தில் நம் வீடு ஒன்றாகத்தான் இருக்கும். பிரித்துப் பார்த்தேன். அப்பாவின் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போட்டு, பக்கத்தில் என் பெயரையும் சேர்த்திருக்கிறாய். என் பெயரை நீ அச்சில் போடுவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை நீயே கொண்டுவந்து என் கையில் கொடுத்தாய். அன்றைக்கு எனக்கு இருந்த பூரிப்பு உனக்கு மறந்திருக்காது.

கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளையை உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்வது பெற்றவர்கள் வழக்கம். நேரில் சொல்ல நீ இடம் தரவில்லை. பத்து மாதமாக என் போனையும் எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். உன் மேல் கோபமில்லை என்று ஆரம்பித்தால் அது பொய். கோபம் இருக்கிறது. கோபத்தைவிட, ஏமாந்து நின்றோமே என்ற வெட்கம் பெரிதாக இருக்கிறது. வெளியாள் ஏமாற்றினால் தெருவைக் கூட்டிச் சொல்லி அழலாம். பெற்ற பிள்ளை ஏமாற்றினால் யாரிடம் போய்ச் சொல்வது? உன்னிடமே சொல்கிறேன்.

நாவலூர் கம்பெனியில் உன் வேலை போய் நீ வீட்டுக்கு வந்த நாட்களிலிருந்து தொடங்குகிறேன். அப்போது அப்பா போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. கல்பாக்கத்தில் ஒரு அலுவலகக் கேன்டீனின் ஸ்டோரில் முப்பது வருடம், வருகிற அரிசியையும் பருப்பையும் எடை பார்த்து வாங்கி, போவதை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த நான் ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. நீ அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பாய். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு வருவேன். மூன்று மாதம் அப்படிப் போனது. உன் மாமா வீட்டு விசேஷத்துக்காகச் சென்னை போய்த் திரும்பும் வழியில் ஒரு பெரிய வணிக வளாகத்துக்குள் நுழைந்தோமே, நினைவிருக்கிறதா? அங்கேதான் அந்த மெஷினைப் பார்த்தோம். மேலே கண்ணாடி உருண்டை நிறைய கலர் மிட்டாய். கீழே காசு போட ஒரு துளை, திருக ஒரு பிடி. பிள்ளைகள் காசைப் போட்டுத் திருகிவிட்டு, உள்ளங்கையைக் குவித்து வாங்கிக்கொண்டார்கள். நீ அரை மணி நேரம் அங்கேயே நின்றாய்.

"பாத்தியாம்மா, இதுவரிக்கும் இருபத்திரண்டு பேரு. ஆளும் வேணாம், கரண்டும் வேணாம். நம்ம மகாபலிபுரத்துல வர்ற கூட்டத்துக்கு இந்த மாதிரி ஒண்ணு வெச்சா எப்படி இருக்கும்?"

மூன்று மாதத்தில் நீ என்னோடு பேசிய முதல் நீளமான பேச்சு அது. மிட்டாய் விற்று நாம் மாடி வீடு கட்டுவோம் என்று நான் நினைக்கவில்லை. நீ பேசினாய். எனக்கு அது போதுமாயிருந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் என்று இப்போதும் சொல்வேன். சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, நீ போனில் விலை பார்த்துச் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதுவேன். மெஷின், அது நிற்க இரும்பு ஸ்டாண்டு, பூட்டு, ஆளுக்கொரு சாவி. காற்றுப் புகாத மூடி போட்ட டப்பாக்கள். ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சின்னப் பொட்டலங்கள். கையுறை, துடைக்கத் துணி, உள்ளே தேய்க்க பிரஷ். இடம் கொடுக்கும் கடைக்காரருக்குப் பங்கு. உன் வண்டிக்குப் பெட்ரோல். உப்புக்காற்றில் காசுத் துளை துருப்பிடித்தால் மாற்றுவதற்கு உதிரிச் சாமான் ஒரு செட். என்றைக்கு நிரப்பினோம், என்றுவரை நல்லது என்று மெஷினில் ஒட்டச் சீட்டு. அந்தச் சீட்டில் குத்த ஒரு தேதி முத்திரை, ஒரு மை டப்பா. "மிட்டாய் விக்கப்போறமா, ரிஜிஸ்தர் ஆபீஸ் தொறக்கப்போறமா?" என்று நீ சிரித்தாய். கடைசியாக 'வீணாவது' என்று ஒரு வரி எழுதி அதற்கும் ஒரு தொகை போட்டேன். தொடங்குவதற்கு முன்பே அபசகுனமாக எழுதுகிறேன் என்றாய். நாற்பது மூட்டை வந்தால் ஒரு மூட்டை கெட்டுத்தான் போகும், அதற்கு முதலிலேயே இடம் விடாதவன் கடைசியில் கெட்டதையும் நல்லதோடு சேர்த்துத் தள்ளத்தான் பார்ப்பான் என்று சொன்னேன். நீ தலையாட்டினாய். கேட்டுக்கொண்டாய் என்று நினைத்தேன்.

சித்திரை வெயிலில் ஐந்து வகை மிட்டாயை மொட்டை மாடியில் வைத்து நாம் சோதித்தது நினைவிருக்கும். சாக்லேட் முதல் நாள் மத்தியானத்துக்குள் கூழாகிவிட்டது. ஜெல்லி ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியானது. கடல் காற்றுக்கும் வெயிலுக்கும் தாக்குப்பிடித்தது, மேலே கெட்டியாகச் சர்க்கரை பூசிய சின்ன உருண்டை மட்டும்தான். ஒரு திருகலுக்கு எத்தனை உருண்டை விழுகிறது என்று இருவரும் தரையில் உட்கார்ந்து எண்ணினோம். ஒரு தடவை ஆறு, ஒரு தடவை எட்டு. உனக்கு விழுந்த எட்டில் இரண்டை என் வாயில் போட்டாய்.

உணவுப் பொருள் விற்பதென்றால் பதிவு எடுக்க வேண்டும் என்று விசாரித்து வந்தவன் நீ. "உன் பேர்ல எடுக்கலாம்மா. நீதான ஓனரு" என்றாய். ஒரு வாரத்தில் தாளை அச்செடுத்து வந்தாய். உரிமையாளர் என்று போட்டு, அதற்கு நேரே என் பெயர். சம்பளச் சீட்டிலும் ரேஷன் அட்டையிலும் என் பெயர் இருந்திருக்கிறது. ஒன்றுக்கு உரிமையாளராக இருந்ததில்லை. கண்ணாடித்தாள் போட்டு அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். கீழ் வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

என் பக்கத்துத் தப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாமல்லபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபேன்சி கடை வைத்திருக்கும் ஜப்பார் பாயிடம் இடம் கேட்கப் போனோம். "வாசல்ல எடம் கீது, தாராளமா வெச்சிக்கோங்க அக்கா" என்று அவர் நாற்காலி எடுத்துப் போட்டார். நீ உற்சாகமாகி, பத்து மெஷின் போடப்போகிறோம், கோவளம் வரைக்கும் போகப்போகிறோம் என்று சொல்ல ஆரம்பித்தாய். நான் குறுக்கே விழுந்து, "வேலை போனதுலேர்ந்து இவனுக்குக் கணக்கும் போயிடுச்சு பாய். நாலுக்கு மேல ஒண்ணு கிடையாது" என்றேன். பாய் சிரித்தார். நானும் சிரித்தேன். நீ தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாய். முப்பது வயது ஆண்பிள்ளையை வெளியாள் முன்னால் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, கதிர். பெற்றவள் பிள்ளையிடம் கேட்பதா என்ற திமிர். இப்போது கேட்கிறேன்.

நாலு மெஷின் வைத்தோம். ஜப்பார் பாய் கடையில் ஒன்று, நம் ஊர் கோட்டை வாசலுக்கு எதிரே ஜூஸ் கடையில் ஒன்று, திருக்கழுக்குன்றத்தில் ஒரு ஸ்டேஷனரி கடையில் ஒன்று, கருங்குழியில் நெடுஞ்சாலை ஓரத்து பேக்கரியில் ஒன்று. செவ்வாய்க்கிழமைதோறும் நான் டப்பாவும் துணியுமாக பஸ் ஏறுவேன். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. மழைக்காலம் வந்ததும் என் முட்டி வீங்கியது. "இந்தக் காலை வெச்சிகினு பஸ் ஏறாதம்மா. நான் பாத்துக்கறேன். நீ வூட்ல ரெஸ்ட் எடு" என்றாய். தைலம் வாங்கி வந்து நீயே தேய்த்துவிட்டாய். டப்பாக்களையும் சீட்டுக்கட்டையும் தேதி முத்திரையையும் உன் அறைக்கு எடுத்துப்போனாய். என் பிள்ளைக்கு என் கால்வலி தெரிகிறது என்று எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

ஐந்து மாதம் கழித்துப் பதிவுத் தபாலில் என் பெயருக்கு நோட்டீஸ் வந்தது. கருங்குழி பேக்கரியில் மிட்டாய் வாங்கித் தின்ற ஐந்து வயதுக் குழந்தைக்கு வாந்தி பேதி, மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள், மெஷினில் இருந்த மிட்டாயை எடுத்துச் சோதித்ததில் பூஞ்சை இருந்திருக்கிறது, உரிமையாளர் செங்கல்பட்டு அலுவலகத்துக்கு நேரில் வந்து பதில் சொல்லவேண்டும் என்று எழுதியிருந்தது. நீ வீட்டில் இல்லை, போனையும் எடுக்கவில்லை. நான் அப்படியே புடவையை மாற்றிக்கொண்டு கருங்குழிக்குக் கிளம்பினேன்.

பேக்கரி முனுசாமி என்னைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "இன்னாம்மா, ஒண்ணும் தெரியாத மாரி கேக்குறீங்க? உங்க பையனும் அந்த யுவராஜும் சாக்குல கொண்ணாந்து கொட்டிட்டுப் போறாங்க. டப்பாவுல தான எடுத்தாருவாங்க உங்கம்மா, இன்னாடா இதுன்னு கேட்டேன். அம்மா தான் அனுப்பிகினு கீறாங்கன்னு சொன்னான். ஒட்டுன சீட்டுல உங்க முத்திரை கீது. அதுக்கு மேல நான் இன்னான்னு கேக்கறது?"

யுவராஜ் உன்னோடு கல்லூரியில் படித்தவன். வீட்டுக்கு வந்து என் கையால் தோசை தின்றவன். அவன் இதில் இருக்கிறான் என்பதே முனுசாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து உன் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். இரண்டு சாக்கு. பக்கத்தில் கிழித்துப் போட்ட உறைகள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு உறையிலும் அச்சிட்டிருந்த தேதியைப் படித்தேன். எல்லாம் தேதி முடிந்த சரக்கு. சிலது முடிந்து ஒரு வருடம்கூட ஆகியிருந்தது. மேசை மேல் நம் சீட்டுக்கட்டு. முன்கூட்டியே அடுத்த மூன்று மாதத்துக்கும் தேதி குத்தி வைத்திருந்தாய். குழந்தைகளுக்குக் கெட்டது போய்விடக் கூடாது என்று நான் செங்கல்பட்டுக் கடைத்தெருவில் தேடி வாங்கிய முத்திரை அது. கட்டிலில் உட்கார்ந்து நீ வரும்வரை காத்திருந்தேன்.

நீ வந்து, சாக்கையும் என்னையும் பார்த்தாய்.

"சக்கரைம்மா அது. சக்கரை எங்கியாவது கெட்டுப்போவுமா?"

"கெடாதுன்னா தேதியை எதுக்குடா மாத்தின?"

சாக்கைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "நீ மட்டும் யோக்கியமா? பூச்சிப் பருப்பைக் கையெழுத்துப் போட்டு வாங்கினவ தான நீ" என்றாய்.

அது உண்மை. நீ ஏழாம் வகுப்பு படிக்கும்போது நடந்தது. கேன்டீனில் ஒரு பண்டிகைச் சாப்பாட்டுக்கு வந்த துவரம்பருப்பில் பூச்சி இருந்தது. திருப்பியனுப்பினால் சமையல் நின்றுபோகும் என்று மேலே இருந்தவர் சொன்னார். நல்ல சரக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெயிலில் காயவைத்துப் புடைத்துச் சமைத்தோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று வீட்டில் அதைப் பெரிய சாமர்த்தியமாக நடித்துக் காட்டிச் சொன்னேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். உன் அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கை கழுவ எழுந்துவிட்டார். அவர் பார்த்ததை நான் கண்டுகொள்ளவில்லை. சிரித்த உன்னைத்தான் பார்த்தேன். பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தருவது நாம் உட்காரவைத்துச் சொல்கிற புத்திமதி இல்லை, கதிர். நாம் பெருமையாகச் சொல்லிச் சிரிப்பதுதான். உனக்குப் பிள்ளை பிறக்கும்போது இதை நினைத்துக்கொள். இந்தக் கடிதத்தில் புத்திமதி என்று ஒன்று உண்டென்றால் இதுதான்.

அந்தப் பேச்சு அதோடு நின்றிருந்தால் நான் தலைகுனிந்து, இது என் வளர்ப்பு என்று பழியை என் தலையில் போட்டுக்கொண்டிருப்பேன். நீ நிறுத்தவில்லை. "ஆபீஸர்கிட்ட, வயசாயிடுச்சு, தெரியாம பழசு கலந்துடுச்சுன்னு சொல்லு. வயசான பொம்பளைய ஒண்ணும் பண்ணமாட்டாங்க" என்றாய். நான் கிழித்த உறைகளைப் பொறுக்கி அடுக்குவதைப் பார்த்து எரிச்சலாகி, "அதுக்குத்தான உன் பேர்ல எடுத்தது" என்றாய்.

பதிவு எடுத்த அன்றே அப்படி நினைத்துத்தான் என் பெயரைப் போட்டாயா, அல்லது அந்தக் கோபத்தில் வாயில் வந்து விழுந்த சொல்லா? இந்தப் பத்து மாதமாக நான் என்னைக் கேட்டுக்கொண்டிருப்பது இது ஒன்றைத்தான். எந்தப் பதில் வந்தாலும் எனக்கு நிம்மதியில்லை. அன்று மாலையே அப்பா படத்துக்குப் பக்கத்திலிருந்து அந்தத் தாளைக் கழற்றிவிட்டேன்.

அலுவலகத்துக்குப் போவதற்கு முந்தின நாள் நான் கருங்குழிக்கு இன்னொரு தடவை போனது உனக்குத் தெரியாது. முனுசாமியிடம் கேட்டு அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போனேன். தாயின் பெயர் செல்வி. குழந்தை தேறி, வாசலில் விளையாடிக்கொண்டிருந்தது. கை மட்டும் குச்சியாக இருந்தது. மிட்டாயால்தான் வந்தது என்று மருத்துவர் அடித்துச் சொல்லவில்லையாம், இருக்கலாம் என்றாராம். நான் யாரென்று சொன்னதும் செல்வி சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழுதாள்.

"அவ கேக்கவே இல்லம்மா. பஸ்ஸு வர்ற வரிக்கும் அழுவாம இருக்கட்டும்னு நான்தான் அஞ்சு ரூபா காசக் குடுத்து, போய் திருப்பிக்கடின்னு அனுப்பினேன். என் கையால குடுத்தேன். ஆஸ்பத்திரியில அது சுருண்டுகினு கெடக்க சொல்ல, நான் குடுத்த காசுதானேன்னு எனக்குத் தூக்கமே இல்ல." முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க உங்க வூட்டுப் புள்ளைக்குக் குடுப்பீங்களா இத்த?" என்று கேட்டாள். திட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். வாங்கிப்போன பழத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் நீதான் என்னை வண்டியில் செங்கல்பட்டுக்கு அழைத்துப்போனாய். ஏரிக்கரையில் நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தாய். "சொன்னது ஞாபகம் இருக்குல்லம்மா" என்றாய். அலுவலக வாசலில் டீக்கடையில் நின்றுகொண்டாய். நான் மட்டும் உள்ளே போனேன்.

அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். மரியாதையானவர். "உங்களுது மொத்தம் எத்தனை மெஷின்மா?" என்று கேட்டார். நாலு என்றேன். ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். எட்டு இடம் எழுதியிருந்தது. செய்யூரில் ஒன்று, மதுராந்தகத்தில் இரண்டு, கேள்விப்படாத ஒரு கல்யாண மண்டபத்தில் ஒன்று. எட்டிலும் என் பெயர், என் பதிவு எண். ஜப்பார் பாய் கடையில் நாலோடு சரி என்று நான் போட்ட கோட்டை நீ தாண்டியது ஒரு பக்கம் இருக்கட்டும். என் பெயரைச் சுமந்துகொண்டு தாண்டியிருக்கிறாய். ஒரு சீட்டை எடுத்துக் காட்டி, "இந்த முத்திரை உங்களுதா?" என்று கேட்டார். என்னுடையது என்றேன். "நீங்க குத்தினதா?" என்றார்.

ஜன்னல் வழியாக நீ தெரிந்தாய். கையில் டீ கிளாஸ், கண் போனில். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் உன்னோடு வண்டியில் வீட்டுக்குப் போகலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. செல்வி தன் கையால் காசு கொடுத்ததற்குத் தூங்காமல் கிடக்கிறாள். உன் கையால் சாக்கைக் கொட்டிய நீ டீ குடித்துக்கொண்டிருக்கிறாய். "இல்லைங்க, என் மகன் குத்தினது. எனக்குத் தெரியாமப் பண்ணிட்டான். ஆனா கவனிக்காம விட்டது என் தப்பு" என்றேன். உன் பெயரையும் யுவராஜின் பெயரையும் சொன்னேன். எழுதி வாசித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்த்தே உனக்குப் புரிந்துவிட்டது. "சொல்லிட்டியா?" என்றாய். சொல்லிவிட்டேன் என்றேன். கிளாஸை வைத்தாய், வண்டியை எடுத்தாய், போய்விட்டாய். நான் திருக்கழுக்குன்றம் வழியாக இரண்டு பஸ் மாறி வீடு வந்து சேர்ந்தேன். அதற்குள் நீ துணிமணியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தாய். இரண்டு நாள் கழித்து, "ஊர்ல எந்த அம்மாவும் பெத்த புள்ளைய இப்படிக் காட்டிக் குடுக்கமாட்டா" என்று போனில் ஒரு செய்தி அனுப்பினாய். பதிவு ரத்தானது. எட்டு மெஷினையும் எடுத்துப்போனார்கள். அபராதத்தை நீயும் அவனுமாகக் கட்டினீர்கள் என்று கேள்விப்பட்டேன். சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் உனக்கு வேலை கிடைத்ததும், செய்யூரில் பெண் பார்த்ததும் எல்லாம் அடுத்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

காட்டிக் கொடுத்தேன் என்கிறாய். ஆமாம், உன் பக்கத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். அதை நான் மறுக்கவில்லை. உன்னை வெளியே விட்டுவிட்டு நான் உள்ளே போய்ச் சொன்ன அந்த வார்த்தைகள் என் தொண்டையைவிட்டு இன்னும் போகவில்லை. ஆனால் நான் சொன்னது நடந்ததை. நீ என்னிடம் கேட்டது நடக்காததை. இரண்டையும் ஒரே தராசில் போடாதே.

இதையெல்லாம் இத்தனை நாள் எழுதாதவள் இன்று எழுதுவது பத்திரிகை வந்ததற்காக மட்டும் இல்லை. இன்று காலை புதிய எண்ணிலிருந்து ஒரு போன் வந்தது.

"அத்த, நான் நித்யா பேசறேன். அவருக்குத் தெரியாமத்தான் பேசறேன், கோச்சிக்காதீங்க."

நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண். குரல் அவ்வளவு மென்மையாக இருந்தது. எங்கோ பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு பேசினாள் போலிருக்கிறது, பின்னால் ஹாரன் சத்தம்.

"எல்லாம் சொன்னாரு அத்த. உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாம, பழைய மிட்டாய்ல தேதி மாத்திக் குத்திட்டீங்க, அதுல பிரச்சனை ஆயிடுச்சு, அந்த வெக்கத்துல தான் எங்க வூட்டுக்கு வராம கீறீங்கன்னு. வயசானா யாருக்கும் வர்றதுதான அத்த, இதுல இன்னா கீது? செங்கல்பட்டு கண் ஆஸ்பத்திரில எங்க சித்தி வேலை செய்யறாங்க. வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டுட்டு வரேன். உங்களக் கூட்டிகினு போய் காட்டறேன். கல்யாணத்தன்னிக்கு நீங்க எங்களத் தெளிவாப் பாக்க வேணாமா?"

இந்தப் பத்து மாதத்தில் என்னிடம் இவ்வளவு அன்பாக யாரும் பேசவில்லை. அந்த அன்பை நீ ஒரு பொய்யின் மேல் உட்காரவைத்திருக்கிறாய். அதிகாரியிடம் நான் சொல்லாமல் விட்ட பொய்யை, அவளிடம் நீ என் பெயரில் சொல்லி முடித்திருக்கிறாய். தேதியைத் திருத்தியவன் நீ, கண் தெரியாதவள் நான். "சரிம்மா, வா" என்று மட்டும் சொல்லி போனை வைத்தேன்.

அவள் நல்ல பெண், கதிர். முன்பின் தெரியாத மாமியாருக்காக ஒரு நாள் சம்பளத்தை விடத் துணிந்தவள். அப்படிப்பட்டவளிடம் உண்மையைச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும் என்று நீ பயப்படுகிறாய். நிற்கலாம், நிற்காமலும் போகலாம். எனக்குத் தெரியாது. ஆனால் அவள் யாரைக் கட்டிக்கொள்கிறாள் என்பது தாலி ஏறுவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிய வேண்டும். நான் உன் பெயரை இன்னொரு தடவை என் வாயால் சொல்லமாட்டேன். ஒரு தடவை சொன்னதே எனக்கு இந்த ஜன்மத்துக்குப் போதும். சொல்ல வேண்டியவன் நீ.

இன்று செவ்வாய். பத்திரிகை உறையில் இருந்த முகவரிக்கு இதைக் கூரியரில் அனுப்புகிறேன், நாளை உன் கையில் இருக்கும். வியாழக்கிழமை முழுவதும் உனக்கு இருக்கிறது.

நீ சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அவள் வந்தால் வெள்ளிக்கிழமை காலை அவளோடு செங்கல்பட்டுக்குப் போவேன். வரிசையில் உட்காரவைப்பார்கள். டாக்டர் எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகையைக் காட்டுவார், பிறகு பொடி எழுத்து அச்சிட்ட அட்டையைக் கையில் கொடுப்பார். நித்யா எனக்குப் பக்கத்தில் இருப்பாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரிவரை தடங்கலில்லாமல் வாசிப்பேன்.

உன் அம்மா